குட்டி யானைக்குள் கப்பல் எஞ்சின் வேகம்... தெரியுமா?

தெருமுனையில் ஒரு குட்டி யானை நிற்கிறது. பீரோ, கட்டில், கேஸ் அடுப்பு, துளசி மாடம் என்று ஒரு வீட்டையே முதுகில் ஏற்றிக்கொண்டு 'டட் டட் டட்' என்று உறுமுகிறது. முழு சக்தியில் அதன் எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓடும் சராசரி வேகமும், 397 மீட்டர் நீளமுள்ள ஒரு கன்டெய்னர் கப்பலின் எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓடும் வேகமும் ஒன்றுதான். தெரியுமா?

நம்ப முடியவில்லையா? காகிதமும் பேனாவும் எடுங்கள். 2006இல் கடலுக்கு வந்த 'எம்மா மேர்ஸ்க்' கப்பலின் டீசல் எஞ்சின், உலகின் ராட்சத எஞ்சின்களில் ஒன்று. 14 சிலிண்டர். ஏறத்தாழ 1,09,000 குதிரைத்திறன். எடை மட்டுமே 2,300 டன்னைத் தொடும். அதில் ஒரு பிஸ்டன் மேலிருந்து கீழே வர 2.5 மீட்டர் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 102 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். ஆக, நிமிடத்துக்கு 510 மீட்டர்.

இப்போது நம்ம ஆளுக்கு வாருங்கள். 2005 மே மாதம் டாடா நிறுவனம் 'ஏஸ்' என்று இறக்கிய முதல் வண்டி: 702 சி.சி., இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். பிஸ்டன் ஓடும் தூரம் வெறும் 79.5 மில்லிமீட்டர். முழு சக்தி வருவது 3,200 ஆர்.பி.எம்.மில். பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 509 மீட்டர்! அரபிக்கடலைக் கடக்கிற ராட்சதனுக்கும், கோயம்பேட்டிலிருந்து தக்காளிக் கூடைகளோடு கிளம்புகிறவனுக்கும் ஒரே ஒரு மீட்டர்தான் வித்தியாசம்.

ஒரு மீட்டர் கணக்கில் இப்படிப் பொருந்திப்போனது தற்செயல். பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல் இல்லை. பிஸ்டன் வேகம் ஏற ஏற உராய்வு ஏறும், தேய்மானம் ஏறும். பிஸ்டன் ரிங், கனெக்டிங் ராடு, பேரிங், சிலிண்டர் சுவரில் பூசியிருக்கும் ஆயில் படலம் எல்லாவற்றுக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் சுமை இழுத்து உழைக்க வேண்டிய டீசல் எஞ்சினைச் செய்கிறவர் அந்த அளவை ரொம்பத் தாண்டிப் போக மாட்டார். பெரிய எஞ்சினுக்குப் பிஸ்டன் போகும் தூரம் அதிகம், அதனால் நிதானமாகச் சுற்றுகிறது. சின்னதுக்குத் தூரம் குறைவு, அதனால் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது. உள்ளே இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே ஓட்டம்தான்!

அந்த 702 சி.சி. எஞ்சின் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1998இல் வந்த டாடா இண்டிகா காரின் 1,405 சி.சி. டீசல் எஞ்சினை நட்ட நடுவே பிளந்தால் எவ்வளவு வரும்? அதேதான். நான்கு சிலிண்டரில் இரண்டை விட்டுவிட்டு மீதி இரண்டில் ஒரு வண்டியைச் செய்துவிட்டார்கள்.

இதையும் கேளுங்கள். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார் அல்லவா? ஒரே சிலிண்டர், அதன் விட்டம் 25 சென்டிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 40 சென்டிமீட்டர். கொள்ளளவைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 19,600 சி.சி. வருகிறது! ஆள் உயரத்தைத் தாண்டி நின்ற அந்த இரும்பு மலை கொடுத்தது எவ்வளவு? 18 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு எத்தனை சுற்று? 154! குட்டி யானை அதில் 28இல் ஒரு பங்கு எஞ்சினை வைத்துக்கொண்டு 16 குதிரைத்திறன் தருகிறது. மாயம் ஒன்றுமில்லை. எஞ்சின் 28 மடங்கு சுருங்கியது, சுற்று கிட்டத்தட்ட 21 மடங்கு கூடியது. நூறு வருஷத்து டீசல் வரலாற்றில் பாதியை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சரி, அவ்வளவு சுற்றும்போது உள்ளே என்ன பாடு படுகிறது தெரியுமா? பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை அப்படியே நின்று திரும்ப வேண்டும். உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று. 2,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 4,000 தடவை நின்று கிளம்புகிறது! உச்சியில் திரும்பும் அந்தக் கணத்தில் பிஸ்டன் தன் எடையைப் போல 220 மடங்குக்கு மேல் விசையைத் தாங்குகிறது. அரைக் கிலோ பிஸ்டன் என்று வையுங்கள், 110 கிலோவுக்கு மேல் போகிறது. அதே எஞ்சினை 3,200க்கு ஏற்றுங்கள். சுற்று கூடியது 60 சதவீதம்தான். விசையோ இரண்டரை மடங்கு! 290 கிலோ பக்கம் வந்துவிடும். 'ஆக்ஸிலேட்டர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கே' என்று கடைசி வரைக்கும் மிதிக்கிறவர்களுக்காக இந்தக் கணக்கு. சுற்று கூடுவது ஒரு கணக்கு, எஞ்சின் படும் பாடு கூடுவது வேறு கணக்கு.

அப்படியானால் சின்ன டீசல் வண்டி மூச்சு வாங்காமல், முக்காமல், கத்தாமல் ஓடுவது எங்கே? இங்கேதான் எனக்குப் பிடித்த எண் வருகிறது. 2,000!

ஏஸ் எஞ்சினின் இழுவை உச்சத்துக்கு வருவது 2,000 ஆர்.பி.எம்.மில். 2012இல் வந்த நிஸான் எவாலியா நினைவிருக்கிறதா? சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்தில் செய்த டீசல் வேன், 1,461 சி.சி. அதற்கும் உச்ச இழுவை 2,000த்தில். அதன் உடன்பிறப்பாக 2013இல் அசோக் லேலண்ட் இறக்கிய ஸ்டைல் வேனிலும் அதே எஞ்சின் குடும்பம். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் தபால், ரொட்டி, குழாய் ரிப்பேர் சாமான் எல்லாம் சுமந்து திரிகிற ரெனோ காங்கூ வேன்களிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான், தெரியுமா? ஓசூரிலிருந்து வந்த லேலண்ட் தோஸ்த்துக்கு மூன்று சிலிண்டர், டர்போ. அதன் 58 ஹெச்.பி. எஞ்சின் 1,600 முதல் 2,400 வரை ஒரே சீராக இழுக்கும். நடுவே எந்த எண் வருகிறது பாருங்கள்!

ஆக, சின்ன டீசலுக்குச் சுகமான இடம் 2,000த்தைச் சுற்றித்தான். கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே. இழுவை கைவசம் இருக்கும், சத்தம் அடங்கியிருக்கும், டீசலும் நியாயமாகச் செலவாகும். ஸ்பீடோமீட்டரில் அது 45 ஆகவும் இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம். அதை முடிவு செய்வது கியரும் டயரும்.

'எங்க வண்டியில ஆர்.பி.எம். மீட்டரே இல்லையே சார்!' என்பீர்கள். கவலை வேண்டாம். டயர் சொல்லும்! 145 ஆர் 12 என்று பக்கவாட்டில் எழுதிய டயர், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 610 தடவை உருளும். மணிக்கு 60 என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆக, 60இல் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு 610 சுற்று. பின் ஆக்ஸிலில் கிரவுனுக்கு 37 பல், பினியனுக்கு 9 பல் என்று வைத்துக்கொள்வோம். டாப் கியர் நேர் கியர் என்றால் 610ஐ 37ஆல் பெருக்கி 9ஆல் வகுத்துவிடுங்கள். 2,500! அப்படிப்பட்ட வண்டிக்கு 48 கி.மீ. வேகத்தில் 2,000, 77ஐத் தொட்டால் 3,200. ஒரே ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டு டேஷ்போர்டில் சீட்டாக ஒட்டிவிட்டால், ஸ்பீடோமீட்டரே ஆர்.பி.எம். மீட்டர் ஆகிவிடும்.

டாப் கியரில் 1,000 சுற்றுக்கு 40 கி.மீ. ஓடும்படி செய்த வேன்களும் உண்டு. அவற்றுக்கு 2,000 என்பது 80. நூறில் போனாலும் 2,500தான். அதனால்தான் ஒரு வேனில் எண்பதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறோம், இன்னொன்றில் அறுபதுக்கே பக்கத்து சீட்டுக்காரரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. பின்னதைக் குறை சொல்ல வேண்டாம். அது சுமைக்காகப் பிறந்தது. முக்கால் டன்னோடு மேம்பாலம் ஏறும்போது இந்தத் தாழ்ந்த கியர்தான் அதைக் காப்பாற்றுகிறது.

இன்னொரு ஆச்சரியம், இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். இரண்டு சிலிண்டர் வண்டியை ஸ்டார்ட் செய்து சும்மா நிறுத்துங்கள். பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் நிற்கிற ஆட்டோவின் நம்பரைப் படிக்க முடியாது, எல்லாம் நடுங்கும். கியர் லீவர் உச்சியில் குமிழ் ஆடும், கதவுக் கண்ணாடி கிலுகிலுக்கும், டேஷ்போர்டில் வைத்த சில்லறை ஊர்ந்து ஊர்ந்து ஓரத்துக்குப் போகும். இப்போது கொஞ்சம் ரேஸ் கொடுங்கள். 1,200... 1,500... வேகம் கூடியதும் ஆட்டம் கூட வேண்டுமே? குறைகிறது! 2,000த்தை நெருங்கும்போது கண்ணாடியில் ஆட்டோவின் நம்பர் பளிச்சென்று தெரிகிறது!

ஏன் தெரியுமா? எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்டுகளுக்கு என்று ஒரு சொந்த ஆட்டம் உண்டு. இரண்டு சிலிண்டர் எஞ்சின் 900இல் சும்மா ஓடும்போது நொடிக்கு 15 வெடிப்பு. அது மவுண்டின் சொந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றையொன்று தூக்கிவிடுகிறது. 2,000த்தில் நொடிக்கு 33 வெடிப்பு. அவ்வளவு சீக்கிரம் வருகிற உலுக்கலுக்கு ரப்பரால் ஈடுகொடுத்து ஆட முடியாது, அங்கேயே அமுங்கிப்போகிறது. பெட்டி போல அடைத்த வேன்களில் இதற்கு ஒரு தம்பி உண்டு: குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் காதை அடைக்கும் 'உம்ம்ம்' என்ற முழக்கம். அந்த வேகத்தில் எஞ்சினின் துடிப்பும் கூரைத் தகட்டின் துடிப்பும் ஒத்துப்போகின்றன. ஐந்து கி.மீ. கூட்டிப் பாருங்கள், அல்லது குறையுங்கள். காணாமல் போய்விடும்! நீண்ட பயணத்தில் ஓட்டுநர்கள் காரணம் தெரியாமலே கடைப்பிடிக்கிற 'எனக்குப் பிடிச்ச ஸ்பீடு' பாதி நேரம் இதுதான் என்பது என் ஊகம்.

ஒவ்வொரு வெடிப்புக்கும் எவ்வளவு டீசல் போகிறது தெரியுமா? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கி.மீ., லிட்டருக்கு 20 கி.மீ. மைலேஜ் என்று வைத்தால், மணிக்கு 3 லிட்டர். 2,500 ஆர்.பி.எம்.மில் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து மணிக்கு 1,50,000 தடவை டீசலைப் பீய்ச்சுகின்றன. வகுத்தால் ஒரு தடவைக்கு 0.02 மில்லிலிட்டர். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறோமே, அதில் ஒரு சொட்டின் பாதிகூட இல்லை! அந்த அரைச் சொட்டைப் பனிப்புகையாக உடைத்து, இரண்டு நாசில்களுக்கும் தவறாமல் ஒரே அளவாகப் பிரித்து, ஒரு நொடியை ஆயிரம் துண்டாக வெட்டினால் ஒன்றிரண்டு துண்டு நேரத்துக்குள் உள்ளே தள்ள வேண்டும். பற்றவைக்க ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. இருபது மடங்குக்கு மேல் நசுங்கிய காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கிறது, டீசல் பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது.

டீசல் ஏன் பெட்ரோல் போல 6,000, 7,000 என்று பறப்பதில்லை என்பதும் இங்கேயே இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலந்து தயாராக நிற்கும், ஒரு பொறி போதும். டீசலில் பீய்ச்சிய பிறகுதான் எல்லாம் தொடங்குகிறது. உடைய வேண்டும், ஆவியாக வேண்டும், காற்றைத் தேடிக் கலக்க வேண்டும், பிறகு எரிய வேண்டும். 2,000 சுற்றில் பிஸ்டன் கீழே இறங்க எடுத்துக்கொள்வது 15 மில்லி நொடி. 3,200இல் 9 சொச்சம். நேரம் போதாவிட்டால் பாதி எரிந்தும் எரியாமலும் சைலன்சர் வழியே கறுப்பாக வெளியேறுகிறது. மேட்டில் முன்னால் போகிற பழைய வண்டி கக்குகிற அந்தக் கரும்புகை, ஓனர் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசல்தான்!

'அப்படீன்னா ஆர்.பி.எம்.மை முடிஞ்ச வரைக்கும் கீழேயே வெச்சுக்கலாமே, டாப்பிலேயே உருட்டிக்கிட்டுப் போகலாமே?' இதுவும் நம்ம ஊரில் நிறையப் பேர் செய்கிற காரியம். லோடோடு டாப் கியரில் 30க்கு இறங்கியும் கியரை மாற்றாமல், வண்டி முக்கி முக்கி ஏற, ஆக்ஸிலேட்டரை மட்டும் அழுத்துவார்கள். எஞ்சின் சுற்றும் வேகம் குறைந்தால் ஆயில் பம்பின் வேகமும் குறையும். கிராங்க் பேரிங்கில் எண்ணெய்ப் படலம் மெலியும். மேலே வெடிப்பின் அழுத்தமோ முழுசாக இருக்கும். கத்துகிற எஞ்சினைக் கண்டு பயப்படுகிறவர்கள் முனகுகிற எஞ்சினைக் கண்டுகொள்வதில்லை, கெடுதலில் இரண்டும் அண்ணன் தம்பி! 1,300க்குக் கீழே லோடு இழுக்க வைக்காமல் ஒரு கியர் குறைத்தால், எஞ்சின் மறுபடி 2,000 பக்கம் வந்து சிரிக்கும்.

இனி காற்றுக்கு வருவோம். இதுதான் சின்ன வேனின் நிஜ எதிரி. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றின் எதிர்ப்பு எத்தனை மடங்கு? நான்கு! அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி? எட்டு மடங்கு! எவாலியா அளவில், சதுர மூக்கோடு, ஆட்களோடு ஒன்றரை டன் பக்கம் வருகிற வேனுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். சமதளத்தில் 80இல் போக ஏறத்தாழ 15 குதிரைத்திறன் போதும். 100க்கு? 25! வெறும் 20 கி.மீ. கூட்டியதற்குப் பத்து குதிரைகள் கூடுதலாக வந்து நுகத்தில் நிற்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஆகிற வேலையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. மைலேஜ் குறையாமல் என்ன செய்யும்?

மொத்தமே 16 குதிரை வைத்திருக்கிற ஏஸின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதன் மேல் கேபினுக்கும் உயரமாகக் கட்டில் மெத்தையைச் செங்குத்தாகக் கட்டிக்கொண்டு போவார்கள். மெத்தையின் எடை இருபது கிலோ இருக்குமா? சமதளத்தில் எடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது காற்றுக்கு முன்னால் விரித்த பாய்மரம்! அரை டன் அரிசி மூட்டையை விட இருபது கிலோ மெத்தை நெடுஞ்சாலையில் அதிகம் பிடித்து இழுக்கும் என்பதை லோடு ஏற்றுகிறவரிடம் சொன்னால் சிரிப்பார். மெத்தையைப் படுக்க வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

சரி, வேகமாகப் போனால் நேரமாவது மிச்சமா? 100 கி.மீ. தூரத்தை 60இல் போனால் 100 நிமிடம், 80இல் போனால் 75. ஆக 25 நிமிடம் மிச்சம், பரவாயில்லை. 80இலிருந்து 100க்குப் போனால் 15 நிமிடம். 100இலிருந்து 120க்கு? பத்தே நிமிடம்! விலை ஏறிக்கொண்டே போகிறது, சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. அந்தப் பத்து நிமிடத்தையும் அடுத்த சுங்கச்சாவடி விழுங்கிவிடும்.

இப்போது மலைப்பாதை. நியூட்ரலில் போட்டு இறக்கினால் டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உண்மை நேர் எதிர்! கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், காமன் ரெயில் டீசல் எஞ்சின் நாசில்களை அடியோடு மூடிவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, டீசல் செலவு பூஜ்யம்! நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பற்றிப் படிக்காத தமிழர் உண்டா? அந்த மாதிரி இறக்கத்தில் நியூட்ரல் என்பது மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்தால் இன்னும் மோசம். டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தைத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் உண்டாக்குகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், நான்கைந்து மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை தெரியுமா? 'டீசலுக்கு அழுத்தம் அதிகம், அதனால எஞ்சின் பிரேக்கும் அதிகம்' என்று நம்புகிறவர்கள் ஏராளம். அழுத்திய காற்று சும்மா இருப்பதில்லையே! நசுக்கும்போது வாங்கிய சக்தியை அடுத்த இறக்கத்திலேயே பிஸ்டனுக்குத் திருப்பித் தந்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்று வழியை அடைக்கிற திராட்டில் தகடு இருக்கிறது, அது இழுத்துப் பிடிக்கும். பழைய டீசல்களில் அந்தத் தகடே கிடையாது. அதனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் 'ஏறின கியர்லயே இறங்கு' என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது டீசல் வேனுக்கு இரட்டிப்பு உண்மை. இறக்கத்தில் மட்டும் 2,000த்தை மறந்துவிடுங்கள். தாழ்ந்த கியரில் 2,500, 2,800 என்று சுற்றட்டும். டீசல் ஒரு சொட்டும் போகாது, பிரேக்கும் சூடாகாது.

திராட்டில் இல்லாததால் வருகிற இன்னொரு விபரீதம்! டர்போவின் சீல் கிழிந்து எஞ்சின் ஆயில் காற்று வழியில் கசிந்தால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்துவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது! சுற்று 3,000, 4,000 என்று தானே ஏறும், வெள்ளையும் நீலமுமாகப் புகை மண்டும், கடைசியில் தன்னைத்தானே உடைத்துக்கொண்டு நிற்கும். கைக் கியர் வண்டி நின்ற இடத்திலேயே இப்படிச் செய்தால், பிரேக்கை அழுத்தி மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துவதுதான் வழி. இல்லையென்றால் காற்று போகும் வாயை அடைக்க வேண்டும், அதுவும் கையை வைக்காமல்.

டர்போ என்றதும் ஞாபகம் வருகிறது. எஞ்சின் 2,000த்தில் சாந்தமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலேயே அந்தச் சின்னச் சக்கரம் எவ்வளவு சுற்றக்கூடும் தெரியுமா? நிமிடத்துக்கு ஒரு லட்சத்தையும் தாண்டும்! அதை மிதக்க வைத்திருப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து டீக்கடை முன்னால் நிறுத்திய அடுத்த நொடியே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போ நிற்காது. டீக்குச் சொல்லிவிட்டு வந்து அணையுங்கள், அந்த நேரம் போதும்.

உங்கள் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது, அதுவும் சட்டப்படி! ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் நிஜ வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. நிஜத்தில் 80இல் போகும்போது முள் 92 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். டயர் தேய்ந்தால் இன்னும் கூடும். சின்ன 12 அங்குல டயரில் 7 மில்லிமீட்டர் தேய்ந்தாலே இரண்டரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். 'நூத்திப்பத்துல வந்தேன்' என்று மார்தட்டுகிற வேன்காரர் உண்மையில் நூறைத் தொட்டாரா என்பதே சந்தேகம்!

கடைசியாக ஒன்று. 2015 ஏப்ரலில் மத்திய அரசு, போக்குவரத்து வண்டிகள் 80 கி.மீ.க்கு மேல் போக முடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று அறிவித்தது. விலக்குப் பட்டியலில் யார் யார்? இரு சக்கர வண்டி, மூன்று சக்கர வண்டி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ். அதோடு இன்னொரு வகையும் உண்டு: உச்ச வேகமே 80ஐத் தாண்டாது என்று சோதனை நிலையம் சான்று கொடுத்த வண்டிகள்! 16 குதிரையோடு பீரோவும் கட்டிலும் சுமந்து போகிற குட்டி யானைக்கு எதற்கு ஐயா கடிவாளம்?